ஐம்பத்தைந்து நாள் இடைவெளி

"இதே நாளில்" என்று தேதியை வைத்து வரலாற்றைக் கோப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. நெய்வேலியின் கதையோ வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது.

2020 மே 7, வியாழக்கிழமை, சித்ரா பௌர்ணமி. அன்று விடியும் முன்பே, விசாகப்பட்டினத்தை ஒட்டிய வெங்கடாபுரத்தில் ஒரு பாலிமர் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து ஊருக்குள் பரவியது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் ஓடிய தெருவிலேயே விழுந்தார்கள். 12 உயிர்கள் போயின. அதே நாளில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஆறாவது அலகில் பாய்லர் வெடித்தது. எட்டுத் தொழிலாளர்கள் தீக்காயம் அடைந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிழைக்கவில்லை. சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில், காகித ஆலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்ற செய்தியும் அன்றுதான் வெளிவந்தது. கொரோனா ஊரடங்கில் மூடிக்கிடந்த டாஸ்மாக் மதுக்கடைகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்ததும் அன்றே. ஒரு நாளுக்குள் இத்தனை நடந்ததும், மூன்று ஆலை விபத்துகளையும் ஒரே சரத்தில் கோத்துத்தான் நாடு பேசியது.

ஐம்பத்தைந்து நாள் கழிந்தது. ஜூலை 1, புதன்கிழமை காலை, அதே இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாவது அலகில் மீண்டும் வெடிப்பு. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலர் ஒவ்வொருவராக உயிர்விட, அடுத்த சில வாரங்களில் சாவு எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. நாட்காட்டியில் மே 7க்கும் ஜூலை 1க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "வரலாற்றில் இன்று" என்று தொகுக்கும் எந்தப் பட்டியலும் இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைக்காது. மே 7க்குப் பக்கத்தில் 1915இல் மூழ்கிய லூசிடானியா கப்பலை வைக்கும். ஜூலை 1க்குப் பக்கத்தில், அதே தேதியில் பிறந்து அதே தேதியில் மறைந்த டாக்டர் பி.சி. ராயை வைக்கும். நெய்வேலிக்கு உண்மையில் பாடம் சொல்லக்கூடிய ஜோடி இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கும். ஒரே தேதியில் நடந்தவை கண்ணை இழுக்கும். உயிரைக் காக்கும் அறிவு, ஒரே இடத்தில் ஒரே விதமாக நடந்தவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

தேதிப் பொருத்தம் எவ்வளவு மலிவு

முதலில் கணக்கு. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 365 நாள் இருக்க 23 பேர் எப்படிப் போதும் என்று தோன்றும். ஆனால் 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 ஜோடிகள் கிடைக்கின்றன; பொருத்தம் அமைய 253 இடங்கள். மனிதருக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும். ஓர் ஊரின் முக்கியச் சம்பவங்கள் என்று இரண்டு டஜனை எழுதி வைத்தாலே, அதில் இரண்டு ஒரே தேதியில் விழுவது அதிசயமில்லை. உலக வரலாறு முழுவதையும் தேடும் உரிமை கொடுத்துவிட்டால் எந்தத் தேதிக்கும் ஒரு டஜன் துணை கிடைக்கும். தேதிப் பொருத்தம் என்பது தேடினால் கிடைத்தே தீரும் பொருள். அப்படிக் கிடைப்பதைச் சான்று என்று சொல்ல முடியாது.

நெய்வேலியின் மே 20ஐ எடுத்துக்கொள்வோம். 1957இல் அந்த நாளில்தான் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1845இல் அதே மே 20இல் அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தார். 1498இல் அதே மே 20இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை வந்தடைந்தார். மூன்றையும் வைத்து ஒரு கதை கட்டுவது எளிது: அன்னியன் கடல்வழி வந்த நாளில், ஒடுக்கப்பட்டோரின் குரல் பிறந்தது, அதே நாளில் சொந்த மண்ணின் எரிபொருளை நாடு தோண்டத் தொடங்கியது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். ஆனால் 1498ஆம் ஆண்டின் அந்த மே 20 பழைய ஜூலியன் நாட்காட்டியின் தேதி. இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் கணக்கில் அது மே 29. கதையின் ஒரு கால் அங்கேயே முறிந்துவிடுகிறது. மிச்சமுள்ள இரண்டும் தற்செயல். அயோத்திதாசர் தம் எழுத்தால் பெரியவர். நெய்வேலி தன் உழைப்பால் பெரியது. இரண்டுக்கும் தேதியின் சிபாரிசு தேவையில்லை.

ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தும் ஊர் நெய்வேலி. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 1616இல் அந்தத் தேதியில் ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒருசேர மறைந்தார்கள் என்ற அழகான செய்தியும் கூடவே சொல்லப்படுகிறது. உண்மையில் அன்று இங்கிலாந்து ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, ஸ்பெயின் கிரிகோரியனில் இருந்தது. சொல்லப்படும் தேதி ஒன்றானாலும் நாட்கள் பத்து தள்ளி. தமிழ் வீடுகளுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நாம் பிறந்தநாளை நட்சத்திரத்தால் கணக்கிடுகிறோம், திவசத்தைத் திதியால் கணக்கிடுகிறோம். நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் தைப்பூசத்தன்று நடக்கிறது. ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். 2020இல் மே 7 சித்ரா பௌர்ணமி. மறு ஆண்டு சித்ரா பௌர்ணமி ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டது. திதியை வைத்துப் பார்க்கும் குடும்பமும் தேதியை வைத்துப் பார்க்கும் குடும்பமும் ஒரே சாவை வெவ்வேறு நாட்களில் நினைக்கின்றன. இருவர் நினைவும் உண்மைதான். "ஒரே நாள்" என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு, இயற்கையின் முத்திரை இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

நாமே தேர்ந்தெடுத்த நாட்கள்

அப்படியானால் தேதிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. ஜனவரி 26 குடியரசு நாளானது தற்செயல் இல்லை. 1930இல் அதே தேதியில் எடுத்த முழு விடுதலை உறுதியை மறக்கக் கூடாது என்றுதான் 1950இல் அரசியலமைப்பை அந்த நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு நாளைப் பற்றிய விவாதமும் அப்படித்தான். மொழிவழி மாநிலம் அமைந்த 1956 நவம்பர் 1ஐக் கொண்டாடுவதா, சட்டமன்றத்தில் அண்ணா தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த 1967 ஜூலை 18ஐக் கொண்டாடுவதா? 2021இல் அரசு ஜூலை 18 என்று அறிவித்தது. எல்லைகள் வரையப்பட்ட நாள் பெரிதா, பெயர் கேட்ட நாள் பெரிதா என்பதே அந்த விவாதத்தின் சாரம். இங்கெல்லாம் தேதிக்குப் பொருள் உண்டு, ஏனென்றால் யாரோ சிலர் யோசித்து அதற்குப் பொருளை ஏற்றினார்கள். இறந்த தொழிலாளிக்கு ஜூலை 1 அன்று மாலை போடும் தோழர்களுக்கும் அந்தத் தேதி இப்படித்தான் பொருள் தருகிறது. அந்த மரியாதையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் நினைவுகூர்வதும் விளக்குவதும் வெவ்வேறு வேலைகள். தேதி முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவது வேலை அதற்குத் தெரியாது. நெய்வேலியின் பிறப்பே இதற்குச் சாட்சி. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14இல். அது நேருவின் 67ஆம் பிறந்தநாள். இதை மட்டும் பார்ப்பவருக்கு நெய்வேலி ஒரு தலைவர் தந்த பரிசு. ஆனால் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது மேலே வந்த பழுப்புக் கரியிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. தெற்கே போதிய நிலக்கரி இல்லாமல் வங்காளம், பீகார் கரியை நம்பி மின்சாரத்துக்குத் தவித்த சென்னை மாகாணம் விடாமல் கேட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் வீடும் நிலமும் விட்டு எழுந்தன. 1957இல் தொடங்கிய தோண்டலில் 1961 ஆகஸ்டில்தான் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் முதல் அலகு மின்சாரம் தந்தது. எந்த ஒரு தேதியும் நெய்வேலியை உண்டாக்கவில்லை. கால் நூற்றாண்டுக் காரணங்கள் உண்டாக்கின. தேதிகள் அவற்றின் மேல் நட்ட கல்.

விசாகப்பட்டினமும் நெய்வேலியும்

இப்போது மே 7க்குத் திரும்புவோம். மூன்று விபத்துகளும் ஒரே நாளில் செய்தியானதால், மூன்றுக்கும் ஊரடங்குதான் காரணம் என்ற விளக்கம் உடனே பரவியது. வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஆலைகளை அவசரமாகத் திறந்ததன் விளைவு என்றார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இரண்டே நாளில், மே 9 தேதியிட்டு, ஆலைகளை மறுபடி இயக்குவதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. விசாகப்பட்டினத்துக்கு அந்த விளக்கம் பொருந்தும். பயன்படாமல் தேங்கி நின்ற ஸ்டைரீன் தொட்டிக்குள் வெப்பம் ஏற, அந்த வேதிப்பொருள் தன்னோடு தானே வினைபுரிந்து மேலும் சூடேறி ஆவியாக வெளியேறியது. தேங்கி நின்றதுதான் அங்கே ஆபத்து.

நெய்வேலியின் நிலைமை வேறு. மின் உற்பத்தி அத்தியாவசியப் பணி. ஊரடங்கிலும் அனல் மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். உலர்ந்தால் நொறுங்கிப் பொடியாகும். பொடியோ காற்றுப் பட்டே சூடேறித் தானாகப் பற்றக்கூடியது. அதைக் கொண்டுவருவது, அரைப்பது, உலைக்குள் ஊதுவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஆபத்து உண்டு. ராய்கர் விபத்தோ மே 7இல் நடந்ததே இல்லை. முதல்நாள் மாலை நடந்தது, வெளியே தெரிந்தது மே 7இல். மூன்றை ஒரு நாளில் அடைக்க, செய்தி வந்த நாளையே விபத்து நாளாக்கிக்கொண்டார்கள். இப்படி ஒன்றாக்கியதால் கெட்டது என்ன? நெய்வேலியின் விபத்து நாடு தழுவிய ஊரடங்குக் கதையின் ஒரு வரியாகச் சுருங்கியது. அந்தப் பெரிய கதையின் நிழலில், நெய்வேலிக்கே உரிய கேள்வி போதிய அளவு உரக்கக் கேட்கப்படவில்லை: ஆறாவது அலகில் நடந்தது பக்கத்து அலகுகளில் நடக்காது என்பதற்கு என்ன உறுதி? ஐம்பத்தைந்தாம் நாள் அந்தக் கேள்விக்கு ஐந்தாவது அலகு பதில் சொன்னது.

ஜூலையைப் பிரித்து அடுக்கினால்

தேதியின் இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதை நெய்வேலியின் ஜூலை மாதங்களே காட்டும். 2006 ஜூலையில் நிறுவனப் பங்குகளை விற்கும் மத்திய அரசின் முடிவுக்கு எதிராகப் போராட்டம் வெடித்து, அரசு பின்வாங்கியது. 2013 ஜூலையில் மறுபடியும் பங்கு விற்பனை, மறுபடியும் வேலைநிறுத்தம். அந்தப் பங்குகளைத் தமிழ்நாடு அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்வதென்று அது முடிந்தது. 2020 ஜூலையில் பாய்லர் வெடிப்பு. 2023 ஜூலைக் கடைசியில் வளையமாதேவி கிராமத்தில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்க, அதையொட்டி நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. நான்கு ஜூலைகளையும் வரிசையாக எழுதினால், ஜூலை ஆகாத மாதம் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் மாதத்தை அழித்துவிட்டுக் காரணத்தை வைத்து அடுக்கிப் பாருங்கள். 2006உம் 2013உம் ஒரே கோப்பில் சேரும்: பொதுத்துறை நிறுவனம் யாருடையது என்ற கோப்பு. 2023 அவற்றோடு சேராது. நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று 1950களிலிருந்து திறந்தே கிடக்கும் கோப்பில்தான் அது சேரும். 2020 ஜூலை 1 இந்த மூன்றோடும் சேராது. அதன் ஒரே துணை மே 7. இப்படி அடுக்கியதும் ஒவ்வொரு கோப்பிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியத் தொடங்குகிறது. பங்குக்கு அரசியல் முடிவு வேண்டும். நிலத்துக்கு இழப்பீடும் வேலையும் பயிர்க்கால ஒழுங்கும் வேண்டும். பாய்லருக்குப் பராமரிப்பும் பயிற்சியும் வேண்டும். மாதத்தை வைத்து அடுக்கியபோது கிடைத்தது பயம் மட்டுமே.

இடமும் தற்செயலாக இருக்கலாமே?

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். தேதிப் பொருத்தம் தற்செயல் என்றால், இடப் பொருத்தமும் ஏன் தற்செயலாக இருக்கக் கூடாது? ஒரே நிலையத்தில் இரண்டு பாய்லர்கள் அடுத்தடுத்து வெடிப்பது துரதிர்ஷ்டமாக இருக்க முடியாதா? இருக்க முடியும். இரண்டு சம்பவங்களை வைத்து மட்டும் எதையும் நிரூபித்துவிட முடியாது. அப்படிச் சொல்பவர் தேதி பார்ப்பவர் செய்த தவற்றையே செய்கிறார். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஒரே தேதி என்றால் அடுத்துச் சோதிக்க எதுவும் இல்லை; தேதியைத் திறந்து பார்க்க முடியாது. ஒரே இடம் என்றால் சோதிக்க ஒரு பட்டியலே கிடைக்கிறது. இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஏழு அலகுகளும் தலா 210 மெகாவாட். ஐந்தும் ஆறும் ஒரே கட்ட விரிவாக்கத்தில் வந்தவை, ஒரே கரியை எரிப்பவை, ஒரே பராமரிப்பு ஒழுங்கின் கீழ் உள்ளவை, ஒப்பந்தத் தொழிலாளர்களின் கைகளை நம்பி ஓடுபவை. இதில் எது பொதுவான ஓட்டை என்று ஆய்வு சொல்லட்டும். எதுவும் இல்லை என்று ஆய்வு சொன்னாலும் அது அறிவுதான். தேதி அந்த வாய்ப்பைக்கூடத் தருவதில்லை.

நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டமே இதற்கு இன்னொரு சான்று. 2003 டிசம்பர் 26இல் ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் அழித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2004 டிசம்பர் 26இல், சுமத்ராவை ஒட்டிய கடலடி நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை கடலூர்க் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இதைவிடத் துல்லியமான தேதிப் பொருத்தம் எங்கும் கிடைக்காது. ஆனால் அதிலிருந்து யாரும் எந்தப் பாதுகாப்பையும் உருவாக்கவில்லை, உருவாக்கவும் முடியாது. கடலூர் மீனவருக்கு உதவியது, அந்தக் கரைக்கு அலை எங்கிருந்து வரும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கணக்கிட்டு 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2015 இறுதியில் பெருவெள்ளமும் இதே மாவட்டத்தைத் தாக்கின. அவற்றைச் சுனாமியோடு சேர்த்துப் படிக்கும் நிர்வாகத்துக்குத்தான் எந்தக் கிராமத்தை முதலில் காலி செய்ய வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: இதெல்லாம் நிபுணர் வேலை, பொதுமக்களுக்குத் தேதி போதும், தேதி இருந்தால்தான் அவர்கள் நினைவில் எதுவும் தங்கும் என்பார்கள். இதை ஏற்க முடியாது. 2020இல் நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு விபத்துக்கு ஒரு தகவல் என்பதோடு அந்தக் கடிகாரம் நின்றுவிடும். முந்தைய விபத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வாங்குவது தொழிற்சங்கமும் பத்திரிகையும் சட்டமன்றமும் நெய்வேலிக் குடியிருப்பு வட்டங்களில் வாழும் குடும்பங்களும் செய்ய வேண்டிய வேலை. கேள்வி சரியாக இருந்தால்தான் நிபுணரின் பதிலும் சரியாக இருக்கும். மே 7க்குப் பிறகு, நாட்டில் இன்று வேறு எங்கே விபத்து நடந்தது என்று எல்லோரும் கேட்டோம். இந்த நிலையத்தில் இதற்கு முன் என்ன நடந்தது, அடுத்த அலகு எந்த நிலையில் இருக்கிறது என்றும் அதே குரலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஜூலை 1 நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஐம்பத்தைந்து நாள் என்பது ஏழு அலகுகளைத் திறந்து பார்க்கப் போதாத காலம் இல்லை.

இந்த வகை விழிப்பு நெய்வேலிக்குத் தெரியாததும் இல்லை. இங்கே கரிப்படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பீறிட்டு உடையும். ஆகவே சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்து பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவை நிற்பதில்லை. அடியில் இருக்கும் ஆபத்துக்குத் தேதி கிடையாது என்பதை இந்த ஊர் அறுபது ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்டு, அந்தப் புரிதலை அன்றாட வேலையாக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை 1 அன்று அஞ்சலி செலுத்துவது நம் கடமை. அன்று காலையில் மாலை போட்ட கையோடு, மே 7க்கும் ஜூலை 1க்கும் இடைப்பட்ட நாட்களில் யார் எதைச் சோதித்தார்கள் என்ற பதிவை ஒவ்வோர் அலகின் வாசலிலும் தொழிலாளி படிக்கும்படி வைக்கச் சொல்லிக் கேட்பதும் அதே அளவு கடமை. இறந்தவர்களுக்கு அந்தத் தேதி போதும். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்தப் பதிவு வேண்டும்.